எண்ணெய்ப் பிசுக்கு

ஜூன் 3, செவ்வாய்

புது கேமரா வந்ததிலிருந்து என் முகத்துக்கு நேரம் சரியில்லை. பழைய கேமரா பாவம், கண் மங்கியது. பவுடர் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மாதிரிதான் காட்டும். இது மூக்கோரத்துத் துவாரத்தையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறது. அதனால் மேக்கப்பை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். வியர்த்தாலும் கலையாதாம், அழுதாலும் கலையாதாம். நான் அழுகிறவள் இல்லை, அழ வைக்கிறவள். இருந்தாலும் எனக்கும் அதையே அப்புகிறார்கள்.

சீரியல் மாமியார் பத்மாசினி என்றால் ஊருக்கே தெரியும். புஷ்கலா என்ற என் சொந்தப் பேர் வீட்டுக்காரருக்கும் ரேஷன் கடைக்கும்தான் தெரியும். கதாநாயகியின் சித்தியாக, கல்யாணக் கும்பலில் தாம்பூலத் தட்டு ஏந்துகிறவளாக இருபது வருஷம் ஓரமாக நின்ற பிறகு கிடைத்த வேஷம் இது. முதலில் பத்மாசினியாக நடித்தவள் மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போனாள். 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு அட்டையைக் காட்டி என்னை உள்ளே விட்டார்கள். மூன்று வருஷமாகிறது. அவள் பேரை இப்போது யூனிட்டில் யாரும் சொல்வதில்லை. காய்கறிக் கடையில் பெண்கள் என்னிடம், "அந்த மருமகப் பொண்ணை ஏம்மா இப்படிப் படுத்தறே" என்று நிஜமாகவே சண்டைக்கு வருகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய விருது வேண்டாம்.

மேக்கப்பைக் கலைப்பது கன்னியப்பன். தேங்காய் எண்ணெயை அப்பி, பழைய பனியன் துணியால் சைக்கிளைத் துடைப்பதுபோல் துடைப்பான். இன்றைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "எரியுதுப்பா" என்றேன்.

"எல்லாருக்கும் எரியத்தாம்மா செய்யுது. ஹீரோவுக்கே எரியுது" என்றான்.

ஹீரோவின் தோலும் என் தோலும் ஒன்றா? எனக்குச் சின்ன வயதிலிருந்தே தோல் மெல்லிசு. தாழம்பூ வைத்தால் கழுத்து சிவக்கும், கவரிங் போட்டால் காது பொரியும்.

ஜூன் 5, வியாழன்

நிவிஷா ஒரு பாட்டில் கொடுத்தாள். சீரியலில் என் மருமகள் அவள்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் அன்னூர். கேமரா முன்னால் அவளைச் சாப்பிடவிடாமல், தூங்கவிடாமல், கோவிலுக்குப் போகவிடாமல் என்னென்னவோ செய்கிறேன். கேமரா அணைந்ததும் "அத்தை, சாப்பிட்டீங்களா" என்று வந்து ஒட்டிக்கொள்வாள். வேஷத்து உறவைச் சொல்லியே வெளியிலும் கூப்பிடுவது எங்கள் தொழிலில் வழக்கம்.

"கன்னியண்ணங்கிட்ட இனிமேல் மொகத்தைக் குடுக்காதீங்க அத்தை. இதை வெச்சுக்கோங்க. மேக்கப் கலைக்கிற எண்ணெய்ங்க. வாசனை கீசனை ஒண்ணும் கெடையாது. எனக்கும் உங்களாட்டம் தொட்டாச் செவக்குற தோலுதானுங்க."

"இப்பவும் எண்ணெயாலதானே கலைக்கிறான்?"

"அது தேங்காண்ணெய்ங்க. தண்ணி ஊத்துனாலும் போகாம மொகத்துலயே தங்கிக்கும். இது தண்ணி பட்டதும் பாலாட்டம் வெள்ளையாகி, கழுவுனாப் போயிருமுங்க."

அதோடு விடவில்லை. முகமும் கையும் ஈரமில்லாமல் இருக்க வேண்டுமாம். விரல் நுனியால் மெல்ல நீவ வேண்டுமாம். பிறகு கையை நனைத்துத் தொட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துண்டால் ஒற்ற வேண்டுமாம்.

"அப்பறம் மேல ஒண்ணும் போட்டுத் தேய்ச்சராதீங்க அத்தை. அத்தோட விட்டுருங்க. மொதல்ல முழங்கை உள்பக்கம் தடவி ரெண்டு நாள் பாத்துட்டு அப்பறம் மொகத்துக்குப் போடுங்க."

இந்த வயதில் எனக்கு முகம் கழுவச் சொல்லித்தர ஆள் வந்தாயிற்று. சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் போட்டேன். முழங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார நான் என்ன வேலைவெட்டி இல்லாதவளா?

ஜூன் 6, வெள்ளி

அவள் சொன்ன மாதிரியே செய்தேன். அப்பியதெல்லாம் கரைந்து கண்மை கன்னத்தில் இறங்கியது. தண்ணீர் பட்டதும் பாலாயிற்று. கழுவினேன். எரிச்சல் இல்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் கன்னத்தைத் தொட்டால் வழவழவென்று என்னவோ இருக்கிறது. இதையா அப்படியே விடச் சொல்கிறாள்? எண்ணெய் தேய்த்துக்கொண்டு, பிசுக்குப் போகத் தேய்க்காமல் குளியலறையை விட்டு வெளியே வந்த பெண் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. தலைக்குச் சீயக்காய், மேலுக்குப் பயத்தம் மாவு. கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் சேர்த்து மிஷினில் கொரகொரவென்று அரைத்து வைத்திருக்கிறேன். இரண்டு கரண்டி எடுத்து அழுத்தித் தேய்த்துக் கழுவினேன். கன்னம் பீங்கான் தட்டு மாதிரி கீச்சென்றது. அதற்குப் பேர்தான் சுத்தம். சிரித்தால் முகம் கொஞ்சம் இழுக்கிறது. வயசானவளுக்கு இறுக்கம் நல்லதுதான்.

ஜூன் 14, சனி

வாரம் முழுக்க கால்ஷீட். வீட்டில் துவைக்காத துணி மலையாகக் கிடக்கிறது. நான் முகம் கழுவும்போது வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "உள்ளே என்ன, தேங்காய் துருவறியா?" என்று கேட்டார். மின்வாரியத்தில் மீட்டர் பார்த்தவருக்கு முகத்தைப் பற்றி என்ன தெரியும்?

ஜூன் 17, செவ்வாய்

கன்னத்தில் எரிச்சல். வெயில்தான்.

ஜூன் 20, வெள்ளி

மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து, தோல் செதில் செதிலாக உரிகிறது. அதன்மேல் மேக்கப் நிற்கவில்லை, திட்டுத் திட்டாகப் பிளக்கிறது. கன்னியப்பன் ஈர ஸ்பாஞ்சை வைத்து ஒற்றி ஒற்றி அலுத்துப்போனான். "எண்ணெய் ஒத்துக்கலையோ என்னமோ" என்று முணுமுணுத்தான். அவனுடைய தேங்காய் எண்ணெயை விட்டுவிட்டேன் என்ற வயிற்றெரிச்சல் அவனுக்கு.

ஆனால் அவன் சொன்னது மனதில் உட்கார்ந்துகொண்டது. எண்ணெய் உள்ளே தங்கியிருந்தால்தானே இப்படி ஆகும்? இன்றிலிருந்து மாவு இரண்டு தடவை.

ஜூன் 26, வியாழன்

இன்று பெரிய காட்சி. சொத்துப் பத்திரத்தைக் கிழித்து எறிந்துவிட்டு, "இந்த வீட்டுல ஒரே ஒரு பத்மாசினிதான்" என்று முடிகிற வசனம். மூன்று பக்கம். ஒரே டேக்கில் பேசினேன். கேமரா என் முதுகுக்குப் பின்னால் நின்று நிவிஷாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு க்ளோசப் இல்லையா தம்பி?" என்று டைரக்டர் அருள்வேந்தனிடம் கேட்டேன்.

"ரியாக்‌ஷன்தாம்மா முக்கியம். உங்க வாய்ஸ் போதும், மிரட்டிடுச்சு" என்றார்.

ஒரு வாரமாகவே இப்படித்தான். என் முதுகு, என் கை, என் வளையல். நேற்று ஒளிபரப்பான பகுதியில் என் முகம் வந்தது இரண்டே இடத்தில். இரண்டிலும் கும்மிருட்டு.

ஜூன் 27, வெள்ளி

சேனலிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மானிட்டரைப் பார்த்துவிட்டு, நான் பக்கத்து அறையில் இருப்பது தெரியாமல், "பத்மாசினி மேடம் ஸ்கின்னுக்கு என்னாச்சு? டிவில ரொம்பத் தெரியுது. ஏதாவது பண்ணுங்க சார்" என்றாள். ஏதாவது பண்ணுங்க என்றால் என்ன அர்த்தம் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு இந்த வேஷம் கிடைத்தபோதே தெரியும்.

என்னிடமிருந்து இதை எடுத்துவிட்டால் நான் மறுபடியும் தட்டு தூக்கப் போக வேண்டும். அதுகூடக் கிடைக்குமா என்று தெரியாது. இந்த வயதில் ஒரு பெண்ணுக்குப் பேர் கிடைப்பது ஒரு தடவைதான்.

ஜூன் 30, திங்கள்

கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தபோது யோசித்தேன். என் முகம் குறையக் குறைய யார் முகம் கூடுகிறது? அன்றைக்கு மூன்று பக்க வசனத்துக்கும் யார் முகத்தைக் காட்டினார்கள்? பாட்டிலைக் கொடுத்தது யார்? புத்தி வர இவ்வளவு நாளா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டின்போது அவளிடம் போய்ப் பாட்டிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "எவ்வளவு நாளா இதுக்குத் திட்டம் போட்டே?" என்றேன்.

"என்னங்க அத்தை?"

"இந்த எண்ணெயைப் பூசினதிலேர்ந்துதான் எனக்கு இப்படி. மாமியாரை ஓரங்கட்டினா மருமகளுக்குத்தானே லாபம்."

யூனிட்டே சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. அவள் எழுந்து நின்றாள். கையில் சாம்பார் சோறு. என் கன்னத்தையே பார்த்தாள்.

"நீங்க கழுவுனதுக்கப்பறம் வேற ஏதாச்சும் போட்டுத் தேய்ச்சீங்களா அத்தை?"

"என்னைக் கேள்வி கேக்கற அளவுக்கு வந்துட்டியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடி நான் மேக்கப் போட்டவ. உன் எண்ணெயை ஊருக்குக் கொண்டுபோய் உங்க ஆத்தாளுக்குத் தடவு."

பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குற்றமுள்ளவள் என்ன பேசுவாள்? பிற்பகல் காட்சியில் அவள் அழ வேண்டியிருந்தது. கிளிசரின் வேண்டாம் என்றாளாம்.

ஜூலை 2, புதன்

வடபழனியில் தோல் டாக்டர் பெனாசிர். சின்னப் பெண்தான். கண்ணாடி விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, முகத்தில் என்னென்ன போடுகிறேன் என்று ஒன்று விடாமல் கேட்டாள். எண்ணெயின் பெயரைச் சொன்னேன். அதுவரை தலையாட்டினாள். மாவைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எண்ணெய் நல்ல எண்ணெய்தாம்மா. இந்த மாதிரி தோலுக்கு நானே எழுதிக் குடுக்கறதுதான். அதுக்கப்பறம் ஏன் மாவைப் போட்டீங்க?"

"பிசுக்குப் போக வேண்டாமா?"

"பிசுக்குப் போகல, மேல்தோல் போயிருக்கு. கொரகொரன்னு அரைச்ச மாவு, ஆரஞ்சுத் தோல், அதுவும் தினம் ரெண்டு தடவை. உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்ச மாதிரி ஆயிருக்கு. அந்தப் புண் மேலதான் மேக்கப்பை வேற போட்டிருக்கீங்க."

"எங்க வீட்ல காலங்காலமா போடறதும்மா."

"எண்ணெய்க் குளியலுக்கு உடம்புல போடுங்க. இந்த முகத்துக்கு வேண்டாம். களிம்பு தரேன். ஒரு மாசம் மேக்கப் போடாதீங்க. தழும்பில்லாம ஆறிடும்."

"டெய்லி சீரியல்மா. ஒரு மாசம் எப்படி?"

"போட்டீங்கன்னா ஆறு மாசம் ஆகும்" என்றாள்.

இந்தக் காலத்து டாக்டர்களுக்குப் பழி போட வீட்டுப் பொருள் ஏதாவது வேண்டும். வீட்டுக்கு வந்து மாவு டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டேன். பூச்சி பிடித்துவிட்டது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

நிவிஷாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஜூலை 4, வெள்ளி

எனக்கு யோசனை சொல்ல யாரும் தேவையில்லை என்று இன்றைக்கு நிரூபித்தேன். அருள்வேந்தனையும் புரொடக்‌ஷன் மேனேஜர் லோகுவையும் உட்கார வைத்துச் சொன்னேன்.

"பூஜை ரூம்ல விளக்கு சரிஞ்சு பத்மாசினி சேலையில தீப்பிடிக்குது. முகம் வெந்துபோகுது. ஆஸ்பத்திரில முகம் பூராக் கட்டு. கட்டுக்குள்ள யார் படுத்திருந்தா என்ன, ஒரு டூப்பைப் போட்டுக்கோங்க. முனகல் வேணும்னா நான் டப்பிங்ல குடுக்கறேன். ஒரு மாசம் ஓட்டுங்க. கட்டு அவிழ்க்கிற அன்னிக்கு நான் பளிச்சுனு வந்து நிக்கறேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மூளையைப் பார்த்து அசந்துவிட்டார்கள்.

"இதை நீங்களே சொல்றீங்களாம்மா?" என்றார் லோகு.

"நானேதான் சொல்றேன்."

"எங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னே..." என்று ஆரம்பித்தவரை அருள்வேந்தன் முழங்கையால் இடித்தார். "சூப்பர்மா. சேனல்ல உடனே பேசிடறேன்" என்றார். பேசிவிட்டு உடனே வந்துவிட்டார். சேனலும் சரியென்றுவிட்டதாம். சாதாரணமாக ஒரு சேலை நிறம் மாற்றவே ஒரு வாரம் யோசிக்கிறவர்கள்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு, "கட்டை அவிழ்த்தா வேற ஆள் வர்றதுதானே உங்க சீரியல்ல வழக்கம்?" என்றார்.

அது சின்ன வேஷக்காரர்களுக்கு. பத்மாசினி இல்லாமல் அந்த சீரியலில் என்ன இருக்கிறது, அந்தப் பெண்ணின் கண்ணீரா? இவருக்கு எதிலும் நல்லதாக ஒரு வார்த்தை வராது. சாப்பாட்டில் உப்பு அதிகம் என்றும் சொன்னார்.

ஜூலை 9, புதன்

தீ விபத்துக் காட்சி. கன்னியப்பன் புண் மேக்கப்புக்குப் பசையும் டிஷ்யூவும் எடுத்து வைத்திருந்தான். அருள்வேந்தன் வந்து என் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"மேக்கப்பே வேண்டாம் கன்னி. அப்படியே இருக்கு. ஓரத்துல மட்டும் கரியைத் தொட்டு விடு."

எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்கு ஒரு க்ளோசப் வைத்தார்கள். இடக் கன்னம், வலக் கன்னம், நெற்றி, எல்லாம் தனித்தனியாக. புது கேமராவைக் கிட்டத்தில் கொண்டுவந்து எடுத்தார்கள். முடிந்ததும் யூனிட் கைதட்டியது. "தத்ரூபம்மா" என்றார் லைட்மேன். நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

காட்சியில் நிவிஷா என்னை மடியில் போட்டுக்கொண்டு அலற வேண்டும். நன்றாகத்தான் செய்தாள். என் கன்னத்தில் கை படாமல் பார்த்துக்கொண்டாள். கட் சொன்னதும் என் தலைக்குக் கீழே ஒரு தலையணையை வைத்துவிட்டு எழுந்தாள்.

"தண்ணி வேணுமுங்களா மேடம்?" என்றாள்.

வேண்டாம் என்றேன். மூன்று வருஷத்தில் அவள் என்னை மேடம் என்று கூப்பிட்டு இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

கட்டுப் போட்டு ஒரு ஷாட் எடுத்துக்கொண்டு எனக்கு விடை கொடுத்தார்கள். கிளம்பும்போது டெய்லர் பத்மாசினியின் பட்டு பிளவுஸ்களைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றிலும் பக்கவாட்டில் பிடிக்கிறான், கைத் துணியை நீளமாக்குகிறான்.

"எதுக்கு லோகு?" என்று கேட்டேன்.

"நீங்க இளைச்சிட்டீங்கல்லம்மா. கட்டு அவிழ்க்கறப்ப ஃபிட்டிங்கா இருக்கணும்னு."

கவலையில் இளைத்திருப்பேன்தான். கவனித்திருக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது. "அளவு எடுக்க வேண்டாமா?" என்றேன்.

"அளவு வந்துடுச்சும்மா. நீங்க ரெஸ்ட் எடுங்க."

என் கைகூட நீளமாகிவிட்டது போல.

ஜூலை 15, செவ்வாய்

தண்ணீர். களிம்பு. ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்று. துணி மலை கரைந்தது.

ஜூலை 19, சனி

துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போனேன். இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "பத்மாசினிக்கு நல்லா வேணும்டி. மூஞ்சி வெந்து கெடக்கா" என்றாள் ஒருத்தி. "இருந்தாலும் அவ இல்லாம சப்புனு இருக்கு" என்றாள் மற்றவள். அந்தச் சந்தோஷத்தில் வேண்டாத கத்தரிக்காயை ஒரு கிலோ வாங்கி வந்துவிட்டேன். மூன்று வேளையும் கத்தரிக்காயா என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரர் சாப்பிட்டார்.

ஜூலை 24, வியாழன்

அதே எண்ணெயை நானே போய் வாங்கினேன். களிம்புப் பிசுக்கை எடுக்க டாக்டர் அதைத்தான் போடச் சொல்லியிருக்கிறாள். கடைப் பெண் விலை குறைந்த இன்னொன்றைக் காட்டினாள், ரோஜா மணக்கிறது. வாசனையுள்ளது என் தோலுக்கு ஆகாது என்றேன். யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ராத்திரி நீவி, நனைத்து, கழுவி, ஒற்றினேன். வழவழப்பு இருக்கத்தான் செய்கிறது. கை தானாகப் பரணைப் பார்த்துப் போகிறது. அத்தோடு விட்டுவிட்டுப் படுத்தேன்.

நிவிஷாவுக்குப் போனில் ஒரு செய்தி அடித்தேன். பிறகு அழித்துவிட்டேன். நான் பெரியவள். அவளே பேசட்டும்.

ஜூலை 29, செவ்வாய்

எரிச்சல் சுத்தமாக இல்லை. சாயங்காலம் மழை.

ஆகஸ்ட் 2, சனி

டாக்டர் பெனாசிர் விளக்கை அணைத்துவிட்டு, "அருமையா ஆறியிருக்கும்மா. திங்கக்கிழமையே மேக்கப் போடலாம். கலைக்கறது மட்டும் நான் சொன்ன மாதிரி" என்றாள். வெளியே வந்து ஆட்டோ கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். ஆட்டோக்காரன் முறைத்தான். பார்க்கட்டும். ஐம்பத்தோரு வயதில் இப்படி ஒரு கன்னம் எவளுக்கு இருக்கிறது?

ஜன்னல் வெளிச்சத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அருள்வேந்தனுக்கு அனுப்பினேன். 'கட்டு அவிழ்க்கலாம் தம்பி' என்று கீழே எழுதினேன். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை. ஷூட்டிங்கில் இருப்பார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

லோகுவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

லோகுவே கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார். ஷூட்டிங் வீட்டுக்கு இல்லை, சாலிகிராமத்தில் டப்பிங் ஸ்டுடியோவுக்கு.

"முனகல் பாக்கி இருக்கா லோகு?" என்றேன்.

"ஆமாம்மா... அதுவும் இருக்கு. வந்துடுங்கம்மா" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. சளி பிடித்திருக்கும். அங்கிருந்து நேரே ஷூட்டிங்குக்குக் கூட்டிப் போவார்களாயிருக்கும். மாம்பழ நிறப் பட்டை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மேக்கப் இல்லாமல்தான் போனேன். அவர்கள் பார்க்கட்டும் என்று. மாம்பழ நிறப் பட்டு, மல்லிகை, சின்னப் பொட்டு. ஸ்டுடியோவில் அருள்வேந்தனும் இல்லை, லோகுவும் இல்லை. புகழ் என்று ஒரு சவுண்ட் இன்ஜினீயர் பையன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். என்னை மைக் முன்னால் நிறுத்திவிட்டு விளக்கை அணைத்தான். டப்பிங் அறையில் திரை மட்டும்தான் வெளிச்சம். என் கன்னத்தை யாரும் பார்க்கவில்லை.

முதலில் ஆஸ்பத்திரிக் கட்டில். கட்டுப் போட்ட உருவம். முனகினேன். பிறகு டாக்டர் வேஷம் போட்டவர் கத்தரியை எடுத்தார். துணி சுற்று சுற்றாக அவிழ்ந்தது. நான் எப்போது இதை நடித்தேன் என்று ஒரு கணம் யோசித்தேன். எனக்கு இதை எழுதவே கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். கடைசிச் சுற்று விழுந்ததும் வேறொருத்தி கண்ணைத் திறந்தாள்.

என்னைவிடப் பத்து வயது குறைவு. நல்ல உயரம், நீளக் கை. என் மூக்குத்தியைப் போட்டிருந்தாள்.

"யாருப்பா இது?" என்றேன். மைக்கில் என் குரல் அறை முழுக்கக் கேட்டது.

புகழுக்கு டீ தொண்டையில் சிக்கியது. "லோகு சார் சொல்லலையாம்மா? மைசூர்லேர்ந்து வந்திருக்காங்க. அவங்களுக்குத் தமிழ் வராது. அதான் உங்க வாய்ஸையே வெச்சுக்கலாம்னு சேனல்ல... எல்லா எபிசோடுக்கும் நீங்கதாம்மா."

கழற்றி எறிந்துவிட்டு வெளியே வர வேண்டும் என்று ஹெட்போனில் கை வைத்தேன். வைத்த கையை எடுத்துவிட்டேன். நான் பேசாவிட்டால் நாளைக்கு வேறு ஒருத்தி வந்து என் குரலைப் போலப் பேசுவாள். முகத்துக்குக் கிடைத்த ஆளா குரலுக்குக் கிடைக்காது?

"போடுப்பா" என்றேன்.

திரையில் நிவிஷா ஒரு கைக்கண்ணாடியை அவளிடம் நீட்டினாள். "அத்தை, பாருங்க அத்தை" என்றாள். கண் கலங்கிச் சிரித்தாள். என்னிடம் அன்றைக்குப் பாட்டிலை நீட்டியபோது சிரித்த அதே சிரிப்பு. அந்த மைசூர்க்காரி கண்ணாடியை வாங்கிப் பார்த்து, வாயை அசைத்தாள். தாளில் இருந்த வசனத்தை நான் பேசினேன்.

"இது என் முகம்தான். என் முகம் எனக்குத் திரும்பக் கிடைச்சிடுச்சு."

"வாய்ஸ் அழுகையா வருதும்மா" என்றான் புகழ். "அவங்க சிரிக்கறாங்க பாருங்க. கொஞ்சம் சந்தோஷமா."

மறுபடியும் பேசினேன். மறுபடியும் அழுகை என்றான். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் பேசினேன். நான் பேசப் பேச அவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள், முடியை ஒதுக்கினாள், நிவிஷாவின் கன்னத்தைத் தட்டினாள். கடைசியில் "ஓகேம்மா, பின்னிட்டீங்க" என்றான். எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை.

"லிப் ஸிங்க் ஒரு தடவை செக் பண்ணிக்கறேம்மா" என்று அவள் முகத்தைத் திரை முழுக்க நிறுத்தி வைத்தான். பொல்லாத கேமரா அது. மூக்கின் இரண்டு பக்கமும், மேக்கப்புக்குக் கீழே, லேசாகச் சிவந்திருந்தது. ஓரத்தில் ஒரு செதில் எழும்பத் தொடங்கியிருந்தது. புகழுக்குத் தெரியாது, அருள்வேந்தனுக்கும் இன்னும் தெரிந்திருக்காது. எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. மேக்கப் டெஸ்டிலிருந்தே அவளுக்கு எரிய ஆரம்பித்திருக்கும். கன்னியப்பன் அதே பனியன் துணியால் துடைத்துக்கொண்டிருப்பான். எல்லாருக்கும் எரியத்தாம்மா செய்யுது என்று சொல்லியிருப்பான். அவளுக்குத்தான் தமிழ் வராதே.

"வேற ஏதாச்சும் சொல்லணுமாம்மா?" என்றான் புகழ். வசனத்தைத்தான் கேட்டான்.

எண்ணெயின் பெயரைச் சொல்லியிருக்கலாம். டாக்டர் பெயரைச் சொல்லியிருக்கலாம். இரண்டும் நாக்கு நுனியில்தான் இருந்தன. நிவிஷாவாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

நான் ஒன்றுமில்லை என்றேன். அவர்கள் கேட்டது என் குரலை மட்டும்தான்.